கல்லடி வீட்டு முற்றத்தில் சூரியக் கடிகாரம்: எந்த வடிவம் சரிவரும்?

கல்லடிக்காரன்: முற்றத்தில் தென்னை நிழல் விழாத ஒரு மூலை இருக்கிறது. அங்கே சூரியக் கடிகாரம் கட்ட ஆசை. பீடத்தின் மேல் வட்டத் தகடு, அதில் முக்கோண முள் என்று வெளிநாட்டுத் தோட்டங்களில் இருப்பதுதான் மனதில். முள்ளின் சாய்வை மட்டும் நம் ஊருக்கு மாற்றினால் போதும்தானே?

பனையோலை: போதாது தம்பி, கல்லடி மட்டக்களப்பில் அல்லவா இருக்கிறது. முள் ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய வேண்டும். லண்டனுக்கு 51½ பாகை, மட்டக்களப்புக்கு 7.7. இங்கே முள் படுத்தே விடும். கோடுகளின் பாடு அதைவிட மோசம். நண்பகல் கோட்டிலிருந்து ஒரு மணிக்கோடு 2 பாகை, மூன்று மணிக்கோடு 7.6, ஐந்து 27, பிறகு ஒரே பாய்ச்சலாக ஆறு மணிக்கு 90. காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை எல்லாம் 15 பாகைக்குள் நெரிபடும். எப்படி வாசிப்பது?

நமக்கு ஏற்றது துருவ வகை. வடக்குப் பக்கம் 7.7 பாகை உயர்த்திய சிலாப், அதற்குச் சமாந்தரமாக 10 செ.மீ. உயரத்தில் வடக்கு-தெற்காக ஒரு பித்தளைக் கம்பி (இரும்பு வேண்டாம், கடற்காற்று தின்றுவிடும்). கோடுகளும் சமாந்தரம். நண்பகலிலிருந்து 1 மணிநேரத்துக்கு 2.7 செ.மீ., 2க்கு 5.8, 3க்கு 10, 4க்கு 17.3.

குழாய்_கல்முனை: நான்கோடு நிறுத்திவிட்டீர்களே அண்ணன்! ஐந்துக்கு 37 செ.மீ., ஆறு மணிக்கோடு வரவே வராது. காலை ஏழு மணி பார்க்க முக்கால் மீற்றர் அகலச் சிலாப் வார்ப்பதா? 110 மி.மீ. பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து, வாய் மேலே பார்க்க வைத்து, நடு அச்சில் மெல்லிய கம்பி இழுத்துக் கட்டுங்கள். 30 செ.மீ. நீளத் துண்டுக்கு வடக்கு முனையை 4 செ.மீ. உயர்த்தினால் சரி. காலை 6 முதல் மாலை 6 வரை கோடுகள் சரிசமமாக 14.4 மி.மீ.க்கு ஒன்று. மழைநீரும் தெற்கே வழிந்துவிடும்.

பனையோலை: ஐந்து நிமிடம் 1.2 மி.மீ.! பூதக்கண்ணாடியும் வாங்க வேண்டும். பிவிசி வெயிலில் நெளியும் வேறு.

குழாய்_கல்முனை: 160 மி.மீ. குழாய் எடுத்தால் மணிக்கு 21 மி.மீ. அதோடு சூரியனே அரைப் பாகை அகலம். அந்த அகலத்தைக் கடக்க 2 நிமிடம் எடுக்கும், அதனால் நிழலின் ஓரம் எப்படியும் மங்கல்தான். அதற்கும் கீழே நுணுக்கம் தேடி என்ன செய்ய?

முல்லை: தெற்குச் சுவரில் வரைந்தால் தெருவுக்கும் தெரியுமே. இல்லாவிட்டால் ஆளே முள்ளாக நிற்கும் வகை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பனையோலை: தங்கச்சி, ஏப்ரல் 9 அளவிலிருந்து செப்டம்பர் 3 அளவு வரை நம் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் மத்தியானம் உங்கள் சுவரில் வெயிலே படாது. ஆள் நிற்கும் வகைக்கு மணிக்குறிகளைத் தரையில் 2 மீற்றர் நீள நீள்வட்டமாகப் போட்டால் குறுக்கே 27 செ.மீ.தான். ஆள் நிற்கும் இடம் நாளுக்கேற்ப மாறும், சூரியன் உச்சிக்கு வரும் ஏப்ரல் நாளில் 12 மணிக் குறியின் மேலேயே நிற்க வேண்டிவரும். காலை முழுக்க நிழல் ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கும்.

காத்தான்குடி_காக்கா: நேராக நட்ட கோல் போதும். உச்சி சாய்ந்தால் லுஹர் (மதியத் தொழுகை). கோலின் நீளமும் உச்சிநேர நிழலும் சேர்ந்த அளவுக்கு நிழல் நீண்டால் அஸர் (பிற்பகல் தொழுகை).

குழாய்_கல்முனை: தொழுகைக்குச் சரி காக்கா. தம்பிக்கு பஸ் பிடிக்க வேண்டுமே.

கல்லடிக்காரன்: கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகுமா?

பனையோலை: எந்த வடிவமும் ஒத்துப்போகாது. இலங்கை நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் 81.7இல் இருக்கிறோம், அதனால் எப்போதும் 3 நிமிடம் பின்னே. பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் சேர்ந்து பெப்ரவரி நடுவில் 14 நிமிடம் பின்தள்ளும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முன்தள்ளும். ஆக, பெப்ரவரியில் உச்சி 12.17க்கு, நவம்பரில் 11.47க்கு. 1996இல் அரசாங்கம் மணியை முன்தள்ளி 2006 வரை "பழைய நேரமா புது நேரமா" என்று கேட்டுத் திரிந்த நமக்கு இது பெரிய விஷயமா? சிலாப்பில் திருத்த அட்டவணை ஒன்று எழுதிவிடுங்கள்.

குழாய்_கல்முனை: என் குழாய்க்கு அட்டவணை எதற்கு? ஒரு நிமிடத்துக்குக் கால் பாகை வீதம் அச்சிலேயே உருட்டிவிட்டால் மணி சரி. எங்கே, அந்தச் சிலாப்பை உருட்டிக் காட்டுங்கள் அண்ணன்!