ஐந்து போன், நான்கு மிஸ்டு கால்?

கேள்வி (கோரமங்களா): ஆஸ்டெரிஸ்க் பிபிஎக்ஸ் (அலுவலக போன்களை இணைக்கும் மென்பொருள்), ஒரே நேரத்தில் மணியடிக்கும் ரிங் குரூப்பில் 5 எக்ஸ்டென்ஷன் (உள் போன்). ஒருவர் எடுத்துப் பேசினாலும் சிடிஆரில் (அழைப்புப் பதிவில்) நான்கு வரி ‘நோ ஆன்சர்’. மேனேஜர் எல்லாவற்றையும் மிஸ்டு கால் என்கிறார்.

பதில் 1: அவை மணியடித்த போன்கள், அழைப்புகள் அல்ல. லிங்க்டுஐடி (ஒரே அழைப்பின் எல்லா வரிகளுக்கும் பொதுவான அடையாளம்) வாரியாகத் தொகுங்கள். எக்ஸ்டென்ஷனுக்குப் போன வரிகளில் ஒன்று ‘ஆன்சர்டு’ என்றாலும் அது மிஸ்டு கால் இல்லை.

பதில் 2: எக்ஸ்டென்ஷன் வரி என்பதுதான் முக்கியம் சார். ஐவிஆர் (தானியங்கிக் குரல்) பேசினாலே ‘ஆன்சர்டு’ ஆகி பில்செக் (எடுத்த பிறகான விநாடிக் கணக்கு) ஓடத் தொடங்கிவிடும். மனிதர் யாரும் எடுத்திருக்க மாட்டார்.

பதில் 3: கியூ (அழைப்பவர்கள் காத்திருக்கும் வரிசை) வைத்திருந்தால் சிடிஆரை விட்டுவிடுங்கள். கியூ லாகில் (வரிசையின் பதிவில்) ‘அபாண்டன்’, அதாவது காத்திருந்தவர் போனை வைத்துவிட்டது தான் உண்மையான மிஸ்டு. அந்த வரியின் கடைசி எண், காத்திருந்த விநாடிகள். ‘ரிங்நோஆன்சர்’ ஏஜென்ட் எடுக்காதது மட்டுமே, அதை எண்ணினால் கணக்கு ஊதிப்போகும். 5 விநாடிக்குள் வைத்தவர்களை நான் தனியாகவே காட்டுவேன்.

கேள்வி கேட்டவர்: லிங்க்டுஐடி வேலை செய்தது. நன்றிங்க.