செல்லூர் வீடு குரூப்: ஞாயித்துக்கிழமை படம்

புதன், ஆகஸ்ட் 20, 2025

கார்த்திக் அண்ணன் (இரவு 8:41): எல்லாரும் கவனிங்க. சித்தப்பாவும் சித்தியும் சனிக்கிழமை காலைல பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல வர்றாங்க. ஞாயிறு ராத்திரி திரும்புறாங்க. நடுவுல அப்பத்தாவுக்கு ஒரு படம் பாக்கணுமாம். தியேட்டர்லதான் பாக்கணுமாம். யார் யார் வர்றீங்க, தலை எண்ணிச் சொல்லுங்க. திவ்யா புக் பண்ணுவா

திவ்யா: நான் எப்ப சொன்னேன்

வளர்மதி அத்தை: என்ன படம்

சுகன்யா மதினி: கூலி கூலி கூலி

சித்தி: சஞ்சய எங்க விடுவ

சுகன்யா மதினி: ஏன் அவனும்தான்

சித்தி: ஏ

சுகன்யா மதினி: என்ன ஏ

முருகேசன் சித்தப்பா (இரவு 8:52): அனைவருக்கும் மாலை வணக்கம். கூலிக்கு ஏ சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. இதப் பத்தி நம்ம ஆளுகளுக்கே சரியாத் தெரியல. முன்னாடி யு, யுஏ, ஏ அம்புட்டுதான். போன வருசக் கடைசில யுஏ-வையே 7, 13, 16-னு மூணாப் பிரிச்சுட்டாங்க. அந்த மூணும் பெத்தவங்க பாத்து முடிவு பண்ணிக்கிறது. ஏ அப்படி இல்ல. 18 ஆகலைன்னா அப்பன் ஆத்தா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாலும் உள்ள விட மாட்டாங்க. நான் பாக்கப் போனப்ப எங்களுக்கு முன்னால ஒரு குடும்பம் பிள்ளையோட வாசல்ல நின்னு சண்ட போட்டுட்டுத் திரும்பிப் போச்சு. சரி, படம் எப்படின்னா, ரஜினிக்கு சினிமால இது 50-வது வருசம், அந்த மரியாதைக்குப் போகலாம். நாகார்ஜுனா வில்லன், சட்டையெல்லாம் நல்லா இருக்கு. சௌபின் ஆடுற ஆட்டம் ஒண்ணு, அதுக்குக் காசு குடுக்கலாம். பழைய கதைல ரஜினிய இளசாக் காட்டுறாங்க, அதுவும் குறை சொல்ல முடியாது. ஆனா இடைவேளைக்கு அப்புறம் யாரு யாருக்கு என்ன வேணும், எதுக்குச் சாகுறாங்கன்னு ஒரு நோட்டு வச்சு எழுதுனாத்தான் புரியும். என் மார்க்கு நூத்துக்கு 48.

சித்தி: தூங்கினார்

முருகேசன் சித்தப்பா: கண்ண மூடிக் கேட்டேன்

பெரியப்பா (இரவு 8:58): நாளைக்கு பாரபத்தியில் மாநாடு. தூத்துக்குடி ரோட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம். சுத்திப் போகவும்.

மாமா: 👍

கார்த்திக் அண்ணன்: அப்பா குரூப்ல அரசியல் வேண்டாம்னு போன மாசம்தான பேசினோம்

பெரியப்பா: இது டிராபிக்

கார்த்திக் அண்ணன்: சரி விசயத்துக்கு வர்றேன். அப்பத்தா கேக்குறது கூலி இல்ல. கேப்டன் பிரபாகரன். வெள்ளிக்கிழமை திரும்ப ரிலீஸ் பண்றாங்க, 4கே-ல

சுகன்யா மதினி: 😳

வளர்மதி அத்தை: அந்தப் படமா

அம்மா: வேற எதுவும் ஓடலியா

பெரியப்பா: அதெல்லாம் வேணாம். பழைய படம். டிவியில் போடுவான்.

திவ்யா: ஏன் எல்லாரும் இப்படிப் பதறுறீங்க

சுகன்யா மதினி: உனக்குத் தெரியாதா 91 கதை

பெரியப்பா: இப்ப எதுக்கு அது

முருகேசன் சித்தப்பா (இரவு 9:10): திவ்யா பாப்பா, நீ பொறக்குறதுக்கு முன்னாடி நடந்தது. கேப்டன் பிரபாகரன் விஜயகாந்துக்கு 100-வது படம், 1991 தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்துச்சு. அந்தப் படத்துக்கு அப்புறம்தான் ஊரே அவரக் கேப்டன்னு கூப்பிட ஆரம்பிச்சது. இன்னொன்னு, 100-வது படம் பெரிய ஹீரோக்களுக்கே சறுக்கும், இவருக்கு நின்னு ஓடுச்சு. அந்த வருசம் தை மாசந்தான் வளர்மதி அக்காவுக்குக் கல்யாணம். சித்திரைத் திருவிழாவுக்கு மச்சானும் அக்காவும் உசிலம்பட்டில இருந்து வந்திருந்தாங்க. புது மாப்பிள்ளை, வேட்டி சட்டை மடிப்புக் கலையாம. பெரிய அண்ணே கூட்டாளி ஒருத்தர் மூலமா டிக்கெட்டுக்குச் சொல்லி வச்சிருந்துச்சு. வாசல்ல போயி எண்ணிப் பாத்தா ஆளு ஒம்போது, டிக்கெட்டு எட்டு. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறோம். மச்சான் ஒரே வார்த்தைதான் சொன்னாரு, “நீங்க போங்க.”

திவ்யா: அப்புறம்

சித்தி: போயிட்டாங்க

திவ்யா: ஐயோ

பெரியப்பா: மாப்ளதான் போகச் சொன்னாரு. நான் சொல்லல.

வளர்மதி அத்தை: சொன்னா போயிடுறதா அண்ணே

வளர்மதி அத்தை: புது மாப்பிள்ளைய டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சுட்டு உள்ள போயி விசில் அடிச்சவங்கதான நீங்க

முருகேசன் சித்தப்பா: விசில் நான் அடிச்சேன் அக்கா. அண்ணே அடிக்கல.

வளர்மதி அத்தை: நானும்தான் உள்ள இருந்தேன், அது வேற. எனக்கு அப்ப 21 வயசு. வெளிய வந்து பாத்தா ஆளக் காணோம். கடைசி பஸ்ஸுல ஊருக்குப் போயிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் இந்தக் குடும்பத்தோட ஒரு படம் பாத்திருக்காரா கேளுங்க

சுகன்யா மதினி: அப்பா எங்களோடயே பாத்ததில்ல. தனியாப் போயி முத ஷோ பாத்துட்டு வந்து கதையச் சொல்லிருவாரு 😂

அம்மா: பேசாம வீட்லயே எல்லாரும் உக்காந்து ஒண்ணு பாத்தா என்ன. கார்த்திக் வீட்டு டிவி பெருசுதான

முருகேசன் சித்தப்பா (இரவு 9:26): மதினி சொல்றதும் யோசிக்க வேண்டிய விசயம். ஜூலை 25-ல வந்த ரெண்டு படம், தலைவன் தலைவி, மாரீசன், ரெண்டுமே இந்த வெள்ளிக்கிழமை ஓடிடில வருது. நாலு வாரம் பொறுத்தா படம் நம்ம வீட்டு ஹாலுக்கே வந்துருது. ரெண்டையும் நான் தியேட்டர்ல பாத்துட்டேன். தலைவன் தலைவில விஜய் சேதுபதி பரோட்டாக் கடைக்காரர், நித்யா மேனன் சம்சாரம், ரெண்டு வீட்டு ஆளுகளும் படம் முழுக்கக் கத்திக்கிட்டே இருக்காங்க. நடிப்பு அருமை, ஆனா தியேட்டர் ஸ்பீக்கர்ல காது போயிருச்சு. அத வீட்ல ரிமோட்டக் கையில வச்சுக்கிட்டுப் பாக்கலாம். மாரீசன் நேர் எதிர். வடிவேலு மறதிக்காரரா வர்றாரு, பகத் பாசில் திருடன், ரெண்டு பேரும் பைக்ல போறாங்க போறாங்க போயிக்கிட்டே இருக்காங்க. வடிவேலுன்னு சிரிக்கப் போனீங்கன்னா ஏமாந்துருவீங்க. இடைவேளைக்கு அப்புறந்தான் படமே ஆரம்பிக்குது. அதத் தியேட்டர்லதான் பாக்கணும். ஏன்னா வீட்ல இருந்தா முக்கா மணி நேரத்துல “என்னடா இது”ன்னு மாத்திருவோம். தியேட்டர்ல காசு குடுத்தாச்சு, கதவச் சாத்தியாச்சு, வேற வழி இல்ல, உக்காந்து பாப்போம். நல்ல படம் பல பேருக்கு அப்படித்தான் தெரிய வருது.

சித்தி: தலைவன் தலைவி நம்ம வீட்ல எதுக்கு. நம்மளே இருக்கோம்ல

கார்த்திக் அண்ணன்: 😂😂

கார்த்திக் அண்ணன்: சித்தி அப்படியே அந்த ஓடிடி பாஸ்வேர்டு. போன வாரத்துல இருந்து தப்புன்னு வருது

சித்தி: தப்பு இல்ல. மாத்திட்டேன்

கார்த்திக் அண்ணன்: ஏன்

சித்தி: ‘கார்த்தி ரூம்மேட்’னு ஒரு ஆளு உள்ள இருந்தாரு. என் ‘பாதி பாத்தது’ லிஸ்ட்ல பேய்ப்படமா வருது

அம்மா: ரூம்மேட்டா? கல்யாணம் ஆகி ரெண்டு வருசம் ஆச்சு

கார்த்திக் அண்ணன்: பழைய ரூம்மேட்

சித்தி: அவருக்கு அவங்க சித்தி இருப்பாங்கல்ல

முருகேசன் சித்தப்பா (இரவு 9:40): நான் சொல்ல வந்தத முடிக்கல. வீட்ல பாக்குறது தப்புன்னு சொல்லல. 3பிஹெச்கே வீட்லதான் பாத்தேன். சொந்த வீடு வாங்கக் காசு சேக்குறாங்க, சேத்து முடிக்கிறப்ப விலை ஏறிருது, இல்லாட்டி ஒரு செலவு வருது. சரத்குமாரும் தேவயானியும் நடிக்கவே இல்ல, அடுத்த வீட்டுக்காரங்க மாதிரி இருந்தாங்க. அத வீட்ல பாத்ததுதான் சரி, தியேட்டர்னா அழ முடியாது. ஆனா மெய்யழகன் இருக்கே, அத ரிலீஸ் ஆன அன்னிக்கே பாத்தேன். அப்புறந்தான் நீளமா இருக்குன்னு 18 நிமிசம் வெட்டுனாங்க. முழுசாப் பாத்த கொஞ்சப் பேருல நான் ஒருத்தன்.

சித்தி: அந்த 18 நிமிசமும் தூங்கினார்

திவ்யா: 😂😂😂

முருகேசன் சித்தப்பா: அரவிந்த்சாமி அந்தப் பழைய வீட்டுக்குள்ள போற இடத்துல நான் முழிச்சுத்தான் இருந்தேன். 96-ல தஞ்சாவூர் வீட்ட விட்டுட்டுப் போன குடும்பம், இருவது வருசம் கழிச்சு வர்றாரு. எனக்கு நம்ம செல்லூர் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்து

வளர்மதி அத்தை: வீடு போன கதைய நான் எதுக்குக் காசு குடுத்துப் படமாப் பாக்கணும்

வளர்மதி அத்தை: வித்த வீட்டுப் பேர்ல குரூப்பு வேற

பெரியப்பா: அந்தப் பேச்சு வேண்டாம் வளரு. ராத்திரி நேரம்.

வளர்மதி அத்தை: நான் ஒண்ணும் சொல்லல அண்ணே

அம்மா: எல்லாரும் சாப்பிட்டாச்சா

திவ்யா: சாப்பிட்டாச்சு மா. அப்பா எல்லாத்தையும் படிச்சுட்டு பேசாம இருக்காரு. ரெண்டு டிக் நீலமாயிருச்சு

வியாழன், ஆகஸ்ட் 21, 2025

கார்த்திக் அண்ணன் (காலை 7:15): அப்பத்தா காலைலயே ஆரம்பிச்சுருச்சு. அது பேசுனத அப்படியே போடுறேன்

🎤 குரல் பதிவு 1:12

சுகன்யா மதினி: ஆபீஸ் பஸ்ல இருக்கேன் கேக்க முடியல. டைப் பண்ணுங்க

கார்த்திக் அண்ணன் (காலை 7:31): “டிவில கேப்டன் படம் போட்டா நாலு தடவ வெளம்பரம், ரெண்டு தடவ கரண்டு போவுது, நடுவுல ஒருத்தி வந்து குழம்புக்கு உப்புப் பாக்கச் சொல்றா. படம்னா இருட்டுல பாக்கணும்டா. துப்பாக்கி வெடிச்சா நெஞ்சுக்குள்ள கேக்கணும். அவரும் போயி ஒண்ணர வருசம் ஆச்சு, நம்ம மதுரக்காரப் புள்ள. நான் அழுதத ஒருத்தரும் பாக்கல. அன்னிக்கு மாப்ள வெளிய நின்னாருன்னு உள்ள உக்காந்து எனக்குப் படத்துல மனசே ஒட்டல. இப்ப அவரு பக்கத்துல உக்காரட்டும். நான் பாத்துட்டேன்னா போதும்.”

கார்த்திக் அண்ணன்: அவ்வளவுதான். கடைசில என் கண்ணாடிய எங்க வச்சன்னு கேட்டது எனக்கு

சுகன்யா மதினி: அப்பத்தா ❤️

சித்தி: ரெண்டாவது பாட்டுல தூங்கிரும் பாருங்க. அம்மாவும் மகனும் ஒண்ணு

முருகேசன் சித்தப்பா (காலை 8:05): அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. லப்பர் பந்து எடுத்துக்கங்க. அதுல பழைய கேப்டன் பாட்டு வர்றப்ப தியேட்டரே எந்திரிச்சு நின்னுச்சு. தெரியாத ஆளு என் தோள்ல கை போட்டான். அதே படத்த வீட்ல பாத்தப்ப அதே இடத்துல உங்க சித்தி வெங்காயம் உரிச்சா. இன்னொரு தகவல், நேத்துச் சொன்ன சரத்குமார் கேப்டன் பிரபாகரன்லயும் இருக்காரு. ரம்யா கிருஷ்ணனோட ஆட்டமா தேரோட்டமாவுக்கு ஸ்வர்ணலதா குரல். மன்சூர் அலிகான் வீரபத்ரனா வந்து ஊரையே பயமுறுத்துன படம். மதுரைல தியேட்டர்னா அப்ப தியேட்டர். தங்கம் தியேட்டர்ல மட்டும் 2563 சீட்டு, 1952-ல பராசக்தியோட ஓட்டம் ஆரம்பிச்ச இடம். சிந்தாமணி தியேட்டரே 1937-ல வந்த சிந்தாமணி படத்துல கிடைச்ச லாபத்துல கட்டுனது. இப்ப ரெண்டு இடத்துலயும் சேலை எடுக்கலாம்.

வளர்மதி அத்தை: 2563 சீட்டு இருந்தாலும் நம்ம அண்ணே 2562-தான் எடுத்திருக்கும்

கார்த்திக் அண்ணன்: 🤣🤣🤣

பெரியப்பா: சரி சரி. இந்தத் தடவ திவ்யா எடுக்கட்டும்.

திவ்யா: எண்ணுங்க. அப்பத்தா, பெரியப்பா, பெரியம்மா, கார்த்தி அண்ணே, அம்மா, அப்பா, நான், சித்தப்பா, சித்தி, அத்தை, மதினி, சஞ்சய். மாமா?

வளர்மதி அத்தை: அவரு வர மாட்டாரு

சுகன்யா மதினி: கேட்டியா மா

வளர்மதி அத்தை: நான் எதுக்குக் கேக்கணும். கேக்க வேண்டியவங்க கேக்கணும்

கார்த்திக் அண்ணன்: மாமா நேத்தே கட்டைவிரல் போட்டாரே. வர்றாருன்னு நெனச்சேன்

சுகன்யா மதினி: அது மாநாட்டு டிராபிக்குக்கு 🤦

அம்மா: அப்பத்தாவுக்கு முட்டி முடியாது. படி ஏறாத மாதிரி பாத்து எடு திவ்யா

பெரியம்மா: முறுக்கு சுட்டு எடுத்துட்டு வரவா

சித்தி: வாசல்ல பைய வாங்கி வச்சுக்குவான்

பெரியம்மா: சேலைக்குள்ள வச்சுக்குறேன்

முருகேசன் சித்தப்பா: படம் முடிஞ்சு விளக்குத்தூண் ஜிகர்தண்டா. அது என் செலவு.

சித்தி: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சாச்சு

திவ்யா (மதியம் 1:20): முடிஞ்சுது. ஞாயிறு மேட்னி. ஒரு தடவைக்கு 10-தான் எடுக்க விடுது, அதனால 10 ஒரே வரிசை, 2 அதுக்கு முந்தின வரிசை. மொத்தம் 12. பணம் அப்புறம் அனுப்புங்க, அப்புறம்னா இன்னிக்கு

முருகேசன் சித்தப்பா: 👏 அருமை. முந்தின வரிசையப் பத்தி ஒரு விசயம் சொல்லணும்

மாமா (மதியம் 1:34): எத்தனை டிக்கெட்

திவ்யா: மாமா! 12 மாமா

மாமா: ஆளு

திவ்யா: …13

மாமா: சரி. நீங்க போங்க.

சுகன்யா மதினி: போச்சு

கார்த்திக் அண்ணன்: திவ்யா இன்னொண்ணு எடு இப்பவே

திவ்யா: பாத்துக்கிட்டு இருக்கேன் இருங்க. நம்ம வரிசைல இல்ல. திரைக்குப் பக்கத்துல முத வரிசைல ஓரத்துல ஒண்ணு இருக்கு

சித்தி: அங்க இவர உக்கார வைங்க. எங்க இருந்தாலும் தூங்கத்தான போறாரு

வளர்மதி அத்தை: யாராச்சும் இந்தத் தடவயும் போயிட்டீங்க, அப்புறம் நான் பேச மாட்டேன்

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா (மதியம் 1:52): மாப்ள. போன எடுங்க.

அம்மா: எடுத்தாரா

வளர்மதி அத்தை: யார்கூடயோ பேசுறாரு. போன எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு

கார்த்திக் அண்ணன்: எங்கப்பாவும் கொல்லப்பக்கம் போயிட்டாரு. கதவச் சாத்திக்கிட்டாரு

திவ்யா: அந்த முத வரிசை டிக்கெட்ட எடுக்கவா வேணாமா? யாராவது சொல்லுங்க. எட்டு நிமிசத்துல போயிரும்

அப்பா: எடு

சுகன்யா மதினி: திவ்யா, உங்கப்பா பேசிட்டாரு!!! ஸ்கிரீன்ஷாட்

சுகன்யா மதினி: சஞ்சய் அழுதுக்கிட்டு இருக்கான். கூலி வீட்ல பாத்துக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். ஓடிடில வந்தா சொல்லுங்க சித்தி

சித்தி: பாஸ்வேர்டு மாத்தியாச்சு