வெள்ளை மேசைக்கு மெழுகா, வார்னிஷா? (பிரெஞ்சு பாணி)

மரப்பித்தன்:
வெள்ளை சாக் பெயிண்ட் (சாக்கட்டிபோல் மங்கலாகக் காயும் பெயிண்ட்) அடிக்கும் மேசைப் பலகைக்கு மேலே எதைப் பூசலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். "சாக் பெயிண்ட் அடித்த சாப்பாட்டு மேசைக்கு மெழுகு தேய்ப்பது வீண்வேலை, ரெண்டு கோட் வார்னிஷ் போதும்" என்று வெண்சுவர் பதில் எழுதியிருக்கிறார். இதை நம்பி எத்தனை பேர் நல்ல மேசையைக் கெடுக்கப் போகிறார்களோ! பிரெஞ்சு பாணிக்கு உயிரே அந்த மங்கலான, கைபட்டால் மெத்தென்றிருக்கும் பரப்புதான். வார்னிஷ் போட்டால் பிளாஸ்டிக் மேசை. மெழுகுதான்.

வெண்சுவர்:
பளபள வார்னிஷ் வாங்கினால் பிளாஸ்டிக்தான். மேட் வார்னிஷ் என்று ஒன்று இருப்பது பெரியவருக்குத் தெரியாதோ? மெழுகின் மேல் சூடான பாத்திரம் வைத்தால் இளகி வளையம் விழும், எண்ணெய் சொட்டினால் ஊறிவிடும். 1990இல் சாக் பெயிண்டைக் கொண்டுவந்த அன்னி ஸ்லோனே மெழுகோடு நிற்காமல் லாக்கர் என்ற வார்னிஷும் விற்கிறார். எதற்காம்?

மரப்பித்தன்:
விற்கிறவர் நாலும் விற்பார். வளையம் விழுவது அவசரத்தால். மெழுகு முழுதாக இறுகக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடிக்கும். மறுநாளே சாப்பாடு பரிமாறினால் வேறென்ன ஆகும்? பஞ்சு உதிராத துணியில் சுண்டைக்காய் அளவு எடுத்து, ஓரடி ஓரடியாகப் பிரித்துத் தேய்க்க வேண்டும். பிறகு மிச்சத்தை வேறு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். விரலை இழுத்தால் தடம் விழக்கூடாது. விழுந்தால் மெழுகு அதிகம், தூசி அப்பிக்கொள்ளும். பழமை தெரிய கறுப்பு மெழுகு வேண்டுமா, முதலில் நிறமற்ற மெழுகு ஒரு பூச்சு. இல்லாவிட்டால் பெயிண்ட் கறையாகக் குடித்துவிடும்.

தூரிகை:
இருவருமே அடிப்பூச்சை விட்டுவிட்டீர்கள். வெள்ளைக்கு அடியில் மகாகனியோ ஓக்கோ இருந்தால் மரச்சாயம் மேலேறி மஞ்சள் திட்டு விழும். பெயிண்ட் காய்ந்தபோது தெரியாதது, தண்ணீர் சேர்ந்த வார்னிஷ் பட்டதும் எழும்பி வரும். அதனால் பெயிண்டுக்கு முன்பே மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) இரண்டு கோட். எண்ணெய் வார்னிஷ் பக்கமே போகாதீர்கள், நாளாக நாளாக அதுவே பழுப்பேறும்.

மரப்பித்தன்:
ஆக, வார்னிஷ் போட்டால் மஞ்சளாகும் என்று தூரிகையே ஒப்புக்கொண்டாயிற்று.

தூரிகை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை! ஷெல்லாக் போடாவிட்டால் என்றுதான் சொன்னேன்.

சாம்பல்பூனை:
வெண்சுவர் போட்ட படத்தில் இருக்கும் நாற்காலி, பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி பெயரில் வழங்கும் பாணியாம். கால் நேராக, நெடுக்குப் பள்ளங்களோடு, கீழே போகப்போகச் சிறுத்து இருக்கிறது. முதுகு முட்டை வடிவம். இது பதினாறாம் லூயி. பதினைந்தில் கால் வளைந்திருக்கும்.

வெண்சுவர்:
பதினைந்தாம் லூயி 1774 வரை ஆண்டார். நேர்க்கோட்டு ரசனை 1760களிலேயே வந்துவிட்டது. வரலாறு படித்துவிட்டு வாருங்கள்.

சாம்பல்பூனை:
ஆண்ட வருடம் வேறு, பாணியின் பெயர் வேறு. வளைந்த காலும் நேர்க் காலும் தெரியாதவர் மேசைக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்.

மரப்பித்தன்:
எந்தக் காலானாலும் மெழுகுதான். அந்தப் பள்ளங்களில் வார்னிஷ் தேங்கிச் சொட்டாக உறைந்தால், உப்புத்தாள் மடித்து ஒவ்வொரு கோடாகச் சுரண்ட வேண்டும்.

வெண்சுவர்:
கேட்டது மேசைப் பலகை, நாற்காலிக் கால் இல்லை. ஒருமுறை மெழுகு ஏறிவிட்டால் பின்னால் வார்னிஷ் ஒட்டவே ஒட்டாது. டர்பென்டைன் போட்டுத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். இதை ஏன் சொல்லவில்லை?

மரப்பித்தன்:
வார்னிஷே போடாதவனுக்கு அது எதற்கு? வார்னிஷில் கீறல் விழுந்தால் பலகை முழுக்கத் தேய்த்து மறுபடி பூச வேண்டும். மெழுகில் கீறிய இடத்தை மட்டும் தொட்டு, தேய்த்தால் தீர்ந்தது.

தூரிகை:
முதலில் மேசை என்ன மரம்? பலகையின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலம் வெள்ளை அடித்துக் காயவிட்டு, மேலே வார்னிஷ் தொட்டு ஓர் இரவு விடுங்கள். மஞ்சள் எழும்பினால் ஷெல்லாக் இல்லாமல் தொடாதீர்கள்.

மரப்பித்தன்:
எந்த மரமானாலும் மெழுகுதான்.