தெர்மகோல் வெட்ட எந்தக் கம்பி: கான்தலா, நிக்ரோமா, கிளாப்டனா?

கருங்கல் குடில் அணி:
கோவில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை, கோட்டைச் சுவர் எல்லாம் இந்த முறை தெர்மகோலில் செய்கிறோம். பிளேடால் அறுத்தால் மணிமணியாக உதிர்கிறது. அதனால் சூட்டுக்கம்பி வில் ஒன்று கட்டினோம்: பிவிசி பைப், 30 செ.மீ. கம்பி, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர்.

கம்பி எல்லாம் மச்சான் துபாயில் வேப் கருவிக்கு (இ-சிகரெட்) சூட்டுக் காயில் சுற்ற வாங்கியவை. இங்கே 2019-லேயே தடை வந்துவிட்டதால் கருவியை அங்கேயே விட்டுவிட்டார். கான்தல் ஏ1 (இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த ஹீட்டர் கம்பி) 28 கேஜ், எஸ்எஸ் 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அதே கேஜ், ஒரு கிளாப்டன் (மேலே மெல்லிய கம்பி சுற்றிய கம்பி), லேபிள் அழிந்த ஒரு உருளை இருக்கின்றன.

கான்தல் போட்டால் கொஞ்ச நேரம் வெட்டுகிறது, ஆனால் புகைகிறது, வெட்டு அகலமாகிறது. அப்புறம் அடாப்டர் விளக்கு மினுக்கி மினுக்கி நிற்கிறது. எஸ்எஸ் போட்டதும் அடாப்டர் அணைகிறது. கிளாப்டனை பைக் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தோம், வெட்டிய முகம் சொரசொரப்பு. எதை வைத்துக்கொள்வது?

தக்கலை வயர்மேன்:
தம்பி, கம்பியை மாற்ற வேண்டாம், நீளத்தை மாற்றுங்கள். 28 கேஜ் என்றால் 0.32 மி.மீ. அந்தத் தடிமனில் கான்தல் ஏ1 மீட்டருக்கு சுமார் 18 ஓம், நிக்ரோம் 80 (நிக்கல், குரோமியம் கலந்த கம்பி) என்றால் 13.5, எஸ்எஸ் 316 என்றால் 9 சொச்சம். உங்கள் 30 செ.மீ. கான்தல் 5.4 ஓம். 12 வோல்ட்டில் 2.2 ஆம்பியர் இழுக்கும், அடாப்டர் தாங்குவது 2. எஸ்எஸ் 4 ஆம்பியருக்கு மேல் கேட்கும், அதுதான் உடனே அணைகிறது.

வில்லை 45 செ.மீ. ஆக்குங்கள். கான்தல் 8 ஓம் ஆகும், 1.5 ஆம்பியர், 18 வாட். முன்பு ஒவ்வொரு செ.மீ.க்கும் கிட்டத்தட்ட 0.9 வாட் போனது, இனி 0.4 வாட்தான். புகை வந்ததும் வெட்டு அகலமானதும் அந்த அதிகச் சூட்டால்தான். தெர்மகோல் 100 டிகிரி தாண்டியதுமே இளகிவிடும், கம்பி சிவக்கவே கூடாது.

கிளாப்டனை மறந்துவிடுங்கள். நடுக்கம்பி மேல் மெல்லிய கம்பியைச் சுற்றியிருப்பதே அந்த இடுக்குகளில் திரவம் தங்கத்தான். வெட்டுவதற்கு வழவழப்பான ஒற்றைக் கம்பி வேண்டும். பேட்டரியில் கொடுத்தால் பியூஸ் கட்டாயம்.

குளச்சல் நட்சத்திரம்:
அண்ணே, நான் வருஷா வருஷம் ஸ்டார் வெட்டுகிறேன், நிக்ரோம்தான் என் கட்சி. கான்தல் ஒருமுறை நன்றாகச் சிவந்துவிட்டால் ஆறிய பிறகு மொறுமொறுவென்று ஆகி, முடிச்சு போட்ட இடத்தில் ஒடியும். நிக்ரோம் அதற்குப் பிறகும் வளையும். லேபிள் இல்லாத உருளையில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் கான்தல் வகை, ஒட்டாவிட்டால் நிக்ரோமோ எஸ்எஸ்ஸோ. கடையில் ஹீட்டர் காயில் வாங்கி நீட்டிக்கொள்பவர்களும் இந்தக் காந்தச் சோதனையைச் செய்துவிட்டு வாங்கலாம்.

தக்கலை வயர்மேன்:
ஒடிவது உண்மைதான், ஆனால் சிவந்தால்தான். இவர்கள் அடாப்டருக்கு 45 செ.மீ. நிக்ரோம் போட்டால் 2 ஆம்பியர் விளிம்பில் நிற்கும், வோல்ட் குறைக்க ஏதாவது வேண்டியிருக்கும். கையில் இருக்கும் பொருளுக்கு கான்தலே பொருத்தம். 5 ஆம்பியர் அடாப்டரும் எல்இடி டிம்மரும் வைத்திருப்பவர் தாராளமாக நிக்ரோம் போடலாம்.

திங்கள்நகர் அஜி:
எங்கள் ஊரில் 230 வோல்ட்டிலேயே 100 வாட் பல்பை சீரியஸில் போட்டு வெட்டுவார்கள். அடாப்டரே வேண்டாமே?

தக்கலை வயர்மேன்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல்பு ஆம்பியரைத்தான் கட்டுப்படுத்தும், ஷாக்கைத் தடுக்காது. கம்பி வெறுங்கம்பி, பிடிப்பது பையன்கள், டிசம்பர் மழையில் தரையெல்லாம் ஈரம். கோவில் வேலையில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குடில் எதற்கு? 12 வோல்ட்டைத் தாண்டவே வேண்டாம்.

கருங்கல் குடில் அணி:
45 செ.மீ. போட்டோம் அண்ணே. அடாப்டர் அணையவில்லை, புகையும் அடங்கிவிட்டது. லேபிள் இல்லாததில் காந்தம் ஒட்டியது. இப்போது ஒரே தொந்தரவு, சூடானதும் கம்பி தொய்ந்து வெட்டு வளைகிறது.

குளச்சல் நட்சத்திரம்:
சூட்டில் கம்பி நீளும். ஒரு முனையில் சின்ன ஸ்பிரிங் மாட்டி இழுத்துக் கட்டுங்கள், நீண்டதை அது எடுத்துக்கொள்ளும். ஆனால் கரண்ட் ஸ்பிரிங் வழியாகப் போகக் கூடாது, வயரைக் கம்பியிலேயே ஸ்க்ரூ கனெக்டரால் பிடியுங்கள். கையையும் அவசரப்படுத்தாதீர்கள். கம்பி உருக்கிக்கொண்டு போகிற வேகத்தில் போனாலே கோடு நேராக வரும்.

தக்கலை வயர்மேன்:
மழை என்று ஹால் ஜன்னலைச் சாத்திவிட்டு வெட்ட வேண்டாம். கண்ணுக்குப் புகை தெரியாவிட்டாலும் ஸ்டைரீன் ஆவி வரும், தலை வலிக்கும். வராந்தாவில் வைத்து வெட்டுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

கருங்கல் குடில் அணி:
சரி அண்ணே, வராந்தாவுக்கு மாற்றிவிடுகிறோம். மலைக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா?

குளச்சல் நட்சத்திரம்:
சாதாரண ஸ்ப்ரே அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் போதும். ஒட்டுவதற்கும் வெள்ளைப் பசைதான், மஞ்சள் ரப்பர் பசை பக்கமே போகாதீர்கள்.