வால்யூம் பூஜ்ஜியத்தில் வரும் ‘உஸ்’ சத்தம்: நான் சரிசெய்த விதம், உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

அப்பாவுக்காகக் கட்டிய ஆம்ப்ளிஃபயர் செட் இது. ஸ்பீக்கரை ஓட்டும் டிடிஏ7294 பவர் ஐசி போர்டு இரண்டு, 24-0-24 டிரான்ஸ்பார்மர், கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் 4558 ஐசி வைத்த பேஸ்-ட்ரெபிள் போர்டு (டோன் போர்டு), எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. அப்பா இரவு பத்து மணிக்கு மேல், தெருச் சத்தம் அடங்கிய பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு சின்ன சத்தத்தில் கச்சேரி கேட்பவர். ஆலாபனையில் பாடகர் ஒரு சங்கதியை முடித்து மூச்சு வாங்கும் இடம் இருக்கிறதே, அங்கே தம்புரா மட்டும்தான் கேட்க வேண்டும். எங்கள் செட்டில் தம்புராவின் கார்வை அடங்குவதற்குள்ளேயே அதன் மேல் ‘உஸ்ஸ்’ ஏறிவிடும். முதல் நாள் இரவே “ஃபேன் போட்டிருக்கியாடா?” என்று கேட்டார். ஃபேன் ஓடவில்லை.

வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் சத்தம் அப்படியே இருந்தது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து யாரும் கவனிக்காமல் விடாதீர்கள். வால்யூமைத் திருப்பும்போது இரைச்சலும் கூடவே ஏறினால் தவறு வால்யூமுக்கு முன்னால், அதாவது போனிலிருந்து பாட்டை வாங்கும் ப்ளூடூத் தட்டிலோ (குட்டி போர்டு) போனிலோ இருக்கிறது. திருப்பினாலும் மாறவில்லை என்றால் தவறு வால்யூமுக்குப் பின்னால். எனக்கு இரண்டாவது வகை. அடுத்து பவர் போர்டின் இன்புட்டில் சிக்னல் ஒயரைக் கழற்றிவிட்டு இன்புட்டையும் கிரவுண்டையும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்தேன். காதை ட்வீட்டரில் ஒட்டினால்தான் ஏதோ கேட்டது. ஆக பவர் போர்டு நல்லதுதான், குற்றவாளி டோன் போர்டு.

எல்லோரும் சொல்வதுபோல 4558ஐக் கழற்றிவிட்டு, இரைச்சல் குறைந்த ஐசி என்று பெயர் எடுத்த 5532 போட்டேன். ஐசியைச் செருகும் சாக்கெட் இருந்ததால் இரண்டு நிமிட வேலை. ஆனால் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஐசி டூப்ளிகேட்டோ என்று வேறு கடையில் இன்னொன்று வாங்கிப் போட்டும் அதே கதை. அப்புறம்தான் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

எந்த ரெசிஸ்டரும் சும்மா இருக்கும்போதே அதற்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைந்து கொஞ்சம் இரைச்சலைப் பிறப்பிக்கும். ஜான்சன் அதை அளந்தும், நைக்விஸ்ட் அதற்குச் சூத்திரம் கொடுத்தும் 1928லேயே எழுதிவிட்டார்கள். மதிப்பு பெரிதானால் இரைச்சலும் பெரிது. 1 கிலோ ஓமுக்கு ரூட் ஹெர்ட்ஸுக்கு (இரைச்சலை ஒப்பிடும் கணக்கு இப்படித்தான்) சுமார் 4 நானோவோல்ட், 100 கிலோ ஓமுக்கு 40. என் போர்டின் முதல் ஸ்டேஜில் ஃபீட்பேக் ரெசிஸ்டர் (வெளியே போவதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிடுவது) 100கே, அதாவது 100 கிலோ ஓம், கீழே கிரவுண்டுக்கு 10கே. ஐசியின் கண்ணுக்கு அந்த இரண்டும் சேர்ந்து 9கே, அதன் இரைச்சல் மட்டுமே 12 நானோவோல்ட். 4558இன் சொந்த இரைச்சல் சுமார் 8, 5532இன் சொந்த இரைச்சல் 5. ஐசியை விட ரெசிஸ்டர்தான் அதிகமாகக் கத்திக்கொண்டிருக்கிறது! அதோடு 5532க்கு இன்புட் கரண்ட் இரைச்சலும் உண்டு, அது 9கே வழியாகப் போனால் இன்னொரு 6 நானோவோல்ட். கூட்டிப் பார்த்தால் இரண்டு ஐசியும் ஏறக்குறைய சமம், என் காது சொன்னது சரிதான். இதெல்லாம் 11 மடங்கு பெரிதாகி, பவர் போர்டில் மறுபடியும் 33 மடங்கு பெரிதாகி ஸ்பீக்கருக்குப் போகிறது.

சரி என்று 100கே இருந்த இடத்தில் 10கே, 10கே இருந்த இடத்தில் 1கே, இரண்டும் மெட்டல் ஃபிலிம். கெயின் (பெருக்கும் மடங்கு) அதே 11தான். கிரவுண்டுக்குப் போகும் 4.7 மைக்ரோ கண்டன்சரை 47 ஆக்கினேன், இல்லாவிட்டால் பேஸ் போய்விடும். ஐசியின் சப்ளை கால்களிலிருந்து கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 0.1 மைக்ரோ, காலுக்கு ஒட்டினாற்போல. இதற்குப் பிறகு 5532 தன் வேலையைக் காட்டியது. இரைச்சல் பாதிக்கும் கீழே.

மீதிக்கு, டோன் போர்டிலிருந்து பவர் போர்டுக்குப் போகும் ஒயரில் 3.3கே தொடராகவும் அதற்கு அப்புறம் கிரவுண்டுக்கு 1கேயும், பவர் போர்டு பக்கமாகவே பற்றவைத்தேன். டோன் போர்டின் மொத்த இரைச்சலும் 12 டிபிக்கு மேல், அதாவது கால்வாசிக்கும் கீழே, இறங்கியது. பாட்டும் அதே அளவு இறங்கும்தான், ஆனால் எங்கள் வீட்டில் வால்யூம் குமிழின் முனை, கடிகார முள் கணக்கில், எட்டு மணி நிலையைத் தாண்டியதே கிடையாது. இப்போது பதினொரு மணி நிலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். குமிழின் தொடக்கத்தில் இடது வலது சத்தம் ஒரே மாதிரி இல்லாமல் இருந்த குறையும் அதோடு போயிற்று.

அப்பா அன்று இரவு ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்கு எழுந்து பார்த்தேன், இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

——

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. முப்பது வருடமாக செட் வேலை பார்க்கிறேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். போன மாதம் ஒரு டீக்கடைக்காரர் இதே 7294 செட்டைக் கொண்டுவந்தார், ஹீட்சிங்கில் கை வைக்க முடியாத சூடு, பாட்டே போடாமல். திறந்து பார்த்தால் ‘உஸ்’ சத்தத்தைக் குறைக்கிறேன் என்று யாரோ பவர் ஐசியின் 22கே ஃபீட்பேக் மேல் 1000 பிகோ கண்டன்சரைப் பற்றவைத்திருக்கிறார்கள். அது 7 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாவற்றையும் தேய்த்துவிடும், சலங்கையும் ஜால்ராவும் துணிக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். அதை விடப் பெரிய கேடு, இந்த ஐசிக்குக் கெயின் 24 டிபிக்குக் கீழே போகக்கூடாது என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. கண்டன்சர் போட்டதும் மேல் அதிர்வெண்ணில் கெயின் ஒன்று வரைக்கும் விழுந்து ஐசி தானாக ஆஸிலேட் ஆகிறது, அதாவது சிக்னல் இல்லாமலேயே அதிர்கிறது. காதுக்குக் கேட்காது, சூடு மட்டும் ஏறும். கழற்றியதும் சூடு நின்றது. கெயினைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஃபீட்பேக்கிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 680 ஓமை எடுத்துவிட்டு 1.2கே போடுங்கள், 30 டிபி 26க்குப் பக்கத்தில் வரும், அதற்குக் கீழே போகாதீர்கள்.

——

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. ‘உஸ்’ கூடவே ‘கீ…’ என்று ஊசி போல ஒரு சத்தம், பாட்டு மாறும்போது ‘டிக் டிக்’. நாலு நாள் டோன் போர்டையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ப்ளூடூத் தட்டின் 5 வோல்ட்டைப் பிடுங்கியதும் நின்றது. தட்டுக்கும் ஆம்புக்கும் ஒரே சப்ளை, தட்டின் டிஜிட்டல் கரண்ட் ஆடியோ கிரவுண்ட் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பி0505எஸ் என்று ஒரு குட்டி ஐசொலேட்டட் கன்வர்ட்டர், அதை நடுவில் போட்டதும் ‘கீ’ சுத்தமாகப் போனது. ‘உஸ்’ மட்டும் கொஞ்சம் மிச்சம். இந்த வாரம் அந்த 3.3கே, 1கே போட்டுப் பார்க்கிறேன். அண்ணா, 5532 போட்ட பிறகு வால்யூமைத் திருப்பினால் எனக்குக் ‘கரகர’ என்கிறது, வால்யூம் பாட் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) போய்விட்டதா?

——

பாட் நன்றாகத்தான் இருக்கும், உடனே மாற்றிவிடாதீர்கள். 5532இன் இன்புட் கால் இழுக்கும் பயஸ் கரண்ட் (ஐசி வேலை செய்யத் தேவையான சின்ன டிசி கரண்ட்) 4558ஐ விடப் பெரிது, அது வால்யூம் பாட் வழியாகப் போனால் திருப்பும்போதெல்லாம் டிசி நகர்ந்து கரகரக்கும். வால்யூம் பாட்-இன் நடுக்காலுக்கும் ஐசிக்கும் இடையில் ஒரு 1 மைக்ரோ பாக்ஸ் கண்டன்சர், ஐசி பக்கத்தில் கிரவுண்டுக்கு ஒரு 47கே. எனக்கும் வந்தது, இதைப் போட்டதும் நின்றது.

மூத்தவருக்கு நன்றி ஐயா, அந்த 1000 பிகோ யோசனை எனக்கும் ஒருவர் சொல்லியிருந்தார். நல்லவேளை, இன்னும் போடவில்லை. இந்த ஞாயிறு 680ஐ 1.2கேயாக மாற்றிவிட்டு ஹீட்சிங்க் சூட்டையும் பார்த்துச் சொல்கிறேன்.