மத்திய ஆசியாவை இணைப்பது வல்லரசுகளின் பணமா, சொந்தப் பேச்சுவார்த்தையா?

வைகைக்கரை:
2021-லும் 2022-லும் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் படைகள் எல்லையில் மோதிப் பலர் செத்தார்கள். 2025 மார்ச்சில் அதே எல்லைக்கு உடன்படிக்கை கையெழுத்தானது. மாதக் கடைசியில் உஸ்பெகிஸ்தான் அதிபரும் சேர்ந்து, குஜந்த் நகரில் மூன்று நாட்டு எல்லைகள் சந்திக்கும் புள்ளியையும் முடிவு செய்தார்கள். மாஸ்கோவோ பெய்ஜிங்கோ வந்து பஞ்சாயத்து பண்ணவில்லை. இந்த இணைப்புதான் நிலைக்கும்.

நெல்லைக்காரன்:
எல்லைக்கோடு சோறு போடுமா அண்ணே? வெளிநாட்டில் வேலை பார்க்கும் தஜிக் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் அந்த நாட்டின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய பாதி அளவு. பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வருகிறது. கஜகஸ்தானின் எண்ணெய் ஏற்றுமதியில் சுமார் 80% ரஷ்ய மண்ணைக் கடந்து நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்குப் போகிறது. சீனா–கிர்கிஸ்தான்–உஸ்பெகிஸ்தான் ரயில்பாதையை 1990-களிலிருந்து பேசினார்கள். 2024-ல் சீனா 51% பங்கு எடுத்து, செலவில் பாதியைக் கடனாகத் தர ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

வைகைக்கரை:
ரயிலுக்குப் பணம் வெளியிலிருந்து வரட்டும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரை எந்த வல்லரசும் பங்கு பிரித்துத் தராது தம்பி. கிர்கிஸ்தானில் நரின் ஆற்றில் டோக்டோகுல் அணை இருக்கிறது. சோவியத் காலத்தில் கோடையில் கிர்கிஸ்தான் தண்ணீர் திறந்துவிடும். கீழே உஸ்பெகிஸ்தானிலும் கஜகஸ்தானிலும் பருத்தி விளையும். பதிலுக்கு நிலக்கரியும் எரிவாயுவும் மேலே போகும். 1991-க்குப் பிறகு அந்தக் கொடுக்கல் வாங்கல் உடைந்தது. எரிவாயுவுக்குக் காசு கேட்டார்கள். கிர்கிஸ்தானோ குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக அணையைத் திறந்தது. கீழே குளிரில் வெள்ளம், கோடையில் வறட்சி. 2012-ல் அன்றைய உஸ்பெகிஸ்தான் அதிபர் கரிமோவ் இது போரில்கூட முடியலாம் என்று எச்சரித்தார்.

இன்று அதே நரினில் 1,860 மெகாவாட் கம்பராத்தா-1 அணைத் திட்டத்தில் கிர்கிஸ்தானுக்கு 34%, உஸ்பெகிஸ்தானுக்கும் கஜகஸ்தானுக்கும் தலா 33% பங்கு என்று பேசியிருக்கிறார்கள். அணையை எதிர்த்தவரே பங்காளி ஆகிறார். 2016-ல் மிர்சியோயெவ் அதிபராக வந்ததும் உஸ்பெகிஸ்தான் அக்கம்பக்கத்தோடு பேசத் தொடங்கியதன் பலன் இது.

நெல்லைக்காரன்:
அந்தத் திட்டத்துக்கும் உலக வங்கியின் கைதான் வேண்டியிருக்கிறது. சொந்தக் காலில் நிற்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

வைகைக்கரை:
உலக வங்கியிடம், ஐரோப்பாவிடம், சீனாவிடம் என்று பல இடத்தில் கேட்க முடிகிறவனுக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. ஒரே வாசலில் நிற்பவனுக்கு அது கிடையாது.

பாசனப்பொறியாளர்:
தண்ணீர் என்றதும் இருவருமே நரின் போய்ச் சேரும் சிர் தரியா ஆற்றுப் படுகையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். இன்னொரு பெரிய ஆறான அமு தரியாவை விட்டுவிட்டீர்கள். ஆப்கானிஸ்தானில் தாலிபான் அரசு அதிலிருந்து தண்ணீர் எடுக்க 2022 முதல் 285 கி.மீ. கோஷ் தேபா கால்வாயை வெட்டுகிறது. அந்த ஆற்றின் நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தங்களில் ஆப்கானிஸ்தான் இல்லவே இல்லை. உஸ்பெக், துர்க்மென் வயல்களுக்கு வரும் தண்ணீர் அது. குஜந்தில் நடந்ததைப் போல காபூலோடும் உட்கார்ந்து பேசுவார்களா? அண்ணன் சொல்வது சரியா என்று அங்கேதான் தெரியும்.

வைகைக்கரை:
நியாயமான கேள்வி. தாஷ்கண்ட் காபூலோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பங்கீட்டு ஒப்பந்தம் வரை அது போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.