குடியை நிறுத்த வாந்தி மாத்திரையா?

கேள்வி:
என் தம்பி கல்லூரி நாட்களிலேயே குடிக்கு அடிமையானவன். இப்போது தானாகவே சிகிச்சைக்கு வந்திருக்கிறான். மருந்துச் சீட்டில் குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனோடு ஒண்டான்செட்ரானும் இருக்கிறது. அது வாந்திக்குக் கொடுப்பதுதானே? அவனுக்கு வாந்தியே இல்லை. மருத்துவர் 'செரட்டோனின் ஏற்பி' என்றார், பாதிதான் புரிந்தது. யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
தெரிந்துதான் எழுதியிருக்கிறார், அக்கா. நான் மருந்தியல் படிக்கிறேன், இந்த ஏற்பி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. செரட்டோனின் என்பது நரம்பு செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள், அது செல்லில் வந்து ஒட்டும் இடம்தான் ஏற்பி. செரட்டோனின் ஏற்பிகளில் 7 குடும்பங்கள். அதில் 5-ஹெச்டி3 என்ற குடும்பம் மட்டும் ஒரு அயனி வாசல், அதாவது மின்னூட்டம் உள்ள துகள்களைச் செல்லுக்குள் விடும் கதவு. செரட்டோனின் வந்து ஒட்டியதும் சட்டென்று திறக்கும். கூடவே மதுவும் இருந்தால் இன்னும் அதிகமாகத் திறக்கும். நடுமூளையில் டோபமைன் என்ற இன்னொரு சேதி வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அதனால் தூண்டப்படுகின்றன, 'இன்னும் கொஞ்சம்' என்ற உந்துதலில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒண்டான்செட்ரான் அந்த வாசலை அடைக்கிறது. வாந்தி உணர்வைக் கிளப்புவதிலும் இதே ஏற்பிதான் இருக்கிறது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், 25 வயதுக்குள் அடிமையானவர்களுக்குத்தான் இது பலன் தந்தது. உங்கள் தம்பி அந்த வகைதான்.

பதில் 2:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். குடிப்பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை இது, கூடுதல் முயற்சிதான். நால்ட்ரெக்சோனை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒண்டான்செட்ரான் இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கக்கூடும். நாள்பட்ட குடியில் பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்திருந்தால் ஆபத்து கூடும். ஈசிஜி எடுத்தார்களா?

கேள்வி கேட்டவர்:
எடுக்கவில்லை. சரி, காலையில் முதல் வேலையாக மருத்துவரிடம் கேட்கிறேன். மனச்சோர்வு மாத்திரைகளும் செரட்டோனினைக் கூட்டுபவைதானே, அவை உதவாதா?

பதில் 1:
மனச்சோர்வும் இருந்தால் உதவலாம். குடிக்காக மட்டும் என்றால் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. இளம் வயதில் அடிமையானவர்கள் சிலர் அதிகமாகக் குடித்ததும் உண்டு. கூட்டுவதும் அடைப்பதும் வேறு வேறு வேலை, அக்கா.